முருகன் மூலமாகப் பேச்சுவார்த்தை

சேவூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நெசவுக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "நானும் எங்க வீட்டுக்காரரும் இப்போ முருகன் மூலமாத்தான் பேசிக்கிறோம்" என்றாள் இளையவள். நான் இயர்போனைக் கழற்றினேன்.

"இன்னாடி சொல்ற?" என்றாள் பெரியவள்.

"எங்கம்மா வெச்ச சாம்பாரப் பத்தி ஏதோ சொல்லிட்டாருக்கா. அதுலேர்ந்து ரெண்டு பேரும் பேசறதில்ல. ஆனா நெய்யிறது பார்டரத் தனியா கோக்கிற கோர்வைப் பொடவை. ஒரே தறியில இவரு நடுவுல, நான் பார்டர் ஓரமா ஒக்காந்து இழை ஓட்டற நாடாவத் தள்ளணும்."

"பேசாம எப்படி நெய்யிறீங்க?"

"எதிர்ல முருகன் படம் இருக்கே. ‘முருகா, ஜல்தியா தள்ளச் சொல்லு’ம்பாரு. ‘முருகா, இழை அறுந்துபோச்சு, நிறுத்தச் சொல்லு’ம்பேன்."

"பேஜாருடி. நீயே மொதல்ல பேசினா இன்னா?"

"மாட்டேன். அவரே பேசணும்னு தெனமும் விளக்கேத்தி வேண்டிகினு இருந்தேன். முருகன் கைவிட மாட்டாருன்னு எனக்கு நம்பிக்கை."

"நடந்துச்சா?"

"நேத்து படத்தப் பாத்துகினே, ‘இன்னும் எம்மேல கோவமா?’ன்னாரு."

"முருகனுக்கு இன்னாத்துக்குடி அவரு மேல கோவம்?"

பெரியவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அதான்க்கா, முருகனே பதில் சொல்லட்டும்னு நானும் கம்முனு இருந்தேன்" என்றாள் இளையவள். "ரொம்ப நேரம் அவரு படத்தையே பாத்துகினு ஒக்காந்திருந்தாரு. பாவமா இருந்துச்சு. ‘கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல’ன்னு நானே சொல்லிட்டேன்."