விழுப்புரம் வழியா

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, புதுச்சேரி ரயில் நிலையத்தில் டிக்கெட்டுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மில் தொழிலாளி திடீரென்று அலுத்துக்கொண்டார்.

“ரெண்டு வெள்ளக்காரன் ஒத்துப்போவாததுக்கு நான் ஏன் விழுப்புரத்த சுத்திக்கினு போவணும்?”

அவருக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பினார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் என்று அவர் தொப்பியே சொல்லியது.

“எங்க போறீங்க?”

“கடலூருக்கு. தெக்கால தோ இருக்குது. ரயிலு மேக்கால போயி, அங்க வண்டி மாறி, திரும்பி வரணும்.”

“பிரெஞ்சுக்காரன் துறைமுகத்துக்கு லைன் கேட்டான். சுத்தி இங்கிலீஷ்காரன் நெலம். கடலூருக்கு நேரா உட்டா அங்க இருக்கற தன் துறைமுகத்து வேவாரம் படுத்துடும்னு, விழுப்புரத்துலேர்ந்து மட்டும் உட்டானாம். எங்கப்பா சொல்லுவாரு.”

“வீம்பு புடிச்சவனுங்க. நடுவுல இருக்கறவன் கஷ்டம் அவனுங்களுக்கு எங்க தெரியும்?”

“பஸ்ல போனா ஒரு மணி நேரம்தானே?”

மில்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“பஸ்ஸு ஏறுனா எங்க அக்கா ஊட்டுக்காரரு மொகத்துலதான் முழிக்கணும். இந்த நேரத்து பஸ்ஸுல அவருதான் கண்டக்டரு. ஒரு வரப்புத் தகராறு, பேசி ஆறு வருஷம் ஆவுது. அக்காவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல. அவரு டூட்டியில இருக்கறப்பவே பாத்துட்டு வந்துடணும்.”

பெரியவர் தன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

“எந்த ஊரு?” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

மில்காரர் பஸ் போகும் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“கடலூர்,” என்றார். “விழுப்புரம் வழியாவே குடுங்க.”