கூப்பிட்டால் வரும் நாய்

நாய்க்குக் கொடுக்க சீஸ் வாங்குவதாக இருந்தால் கெட்டியான மஞ்சள் சீஸாகப் பார்த்து வாங்குங்கள், இன்ஸ்பெக்டர். மற்றதெல்லாம் கோட்டுப் பைக்குள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கினால் போதும். துண்டு பெரியதா சின்னதா என்று நாய் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறையும் கிடைக்கிறதா என்றுதான் பார்க்கும்.

இதெல்லாம் நூலகத்துப் புத்தகத்தில் படித்தது. எங்கள் வீட்டில் நாய் வளர்த்ததே இல்லை. நான் ஓய்வு பெறும் வரை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். விசில் ஊதுவது மட்டும்தான் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

நீங்கள் கூப்பிடாமலே நான் வந்தது அந்த லாரி டிரைவருக்காக. அவன் கண்மண் தெரியாமல் ஓட்டிவந்ததாக ஊரெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அவன் ஒழுங்காகத்தான் வந்தான். நடந்ததை நடந்தபடி சொல்லாதவர்களை எனக்குப் பிடிக்காது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஹார்ட்லி பூங்காவின் கீழ்ப்பக்கப் புல்வெளி உங்களுக்குத் தெரியும். டொரன்டோவில் நாயை அவிழ்த்துவிட எத்தனையோ இடங்கள் உண்டு. அநேகமாக எல்லாவற்றுக்கும் வேலி இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை. புல் முடிகிற இடத்தில் நடைபாதை, அதை ஒட்டிச் சரிவாக இறங்கும் சாலை. நாயை அவிழ்த்துவிடலாம், ஆனால் கூப்பிட்டால் வர வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். பலகையில்தான்.

என் கணவர் அலஸ்டர் அந்த நடைபாதையில்தான் தினமும் பன் வாங்கப் போவார். இலையுதிர்காலத்தில் ஒரு காலை, மஃபின் என்ற நாய் பின்னால் ஓடிவந்து அவர் முழங்காலில் மோதியது. சாக்லேட் நிறம், கன்றுக்குட்டி பருமன். தூரத்திலிருந்தே அதன் சொந்தக்காரன் கத்தினானாம்: "பயப்படாதீங்க, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்!" அலஸ்டர் அதற்குள் கீழே கிடந்தார். அவன் வந்து பார்த்துவிட்டு, "எழுந்துக்குவீங்கல்ல?" என்று கேட்டானாம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது எதிர்ப்பக்கத்து பேக்கரிப் பெண். இடுப்பு எலும்பு முறிவு, பிறகு நெஞ்சில் சளி. கிறிஸ்துமஸ் பார்க்காமலே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார்: "அந்தப் பையன் வந்தானா?"

வரவில்லை. ஒரு மன்னிப்பு, அவ்வளவுதான் நாங்கள் எதிர்பார்த்தது. ரொம்பப் பெரிய ஆசையா, சொல்லுங்கள்.

ஜனவரியில் வேலி போடுவது பற்றிக் கூட்டம் போட்டார்கள். பக்கத்து வீட்டு மியூரியல் எழுந்து அலஸ்டருக்கு நடந்ததைச் சொன்னாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவன் எழுந்தான். கோரி பென்ஹாம். சிரித்த முகம், நல்ல குரல்.

"அந்தத் தாத்தா தன் ஷூ லேஸ்லயே தடுக்கி விழுந்தாருங்க. என் மஃபின் பத்தடி தள்ளி நின்னுட்டு இருந்தான். நாயைப் பிடிக்காதவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் நாய்தான். விட்டா, பனி கொட்டுறதுக்கும் மஃபின்தான் காரணம்னு சொல்வீங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி கூடச் சிரித்தார்.

அலஸ்டருக்கு விரல் நடுக்கம். லேஸ் கட்ட முடியாது என்று நான்தான் ஒட்டுப்பட்டை வைத்த ஷூ வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்த ஷூவில் லேஸே கிடையாது. நாக்கில் நரம்பில்லாமல் ஒருவன் செத்தவரைப் பற்றிப் பொய் சொல்கிறான், ஊரே சிரிக்கிறது. ஆனால் நான் எழுந்து கத்தவில்லை. கத்தினால் கிழவிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அதற்கும் சிரித்திருப்பார்கள்.

பனி கொஞ்சம் குறைந்ததும் நான் அந்தப் புல்வெளிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே யாருக்கும் யார் பெயரும் தெரியாது. மஃபினோட அப்பா, டெய்சியோட அம்மா, அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நீங்கள் யார், எந்த வீடு என்று ஒருவரும் கேட்பதில்லை. பையில் தீனி இருந்தால் போதும், யார் நாய்க்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எனக்கு நாய் இல்லாததால், முன்னாள் டீச்சர் என்று சொன்னதும் 'டீச்சர்' ஆகிவிட்டேன். யாருடைய மனைவி என்று யாருக்கும் தோன்றவில்லை.

மஃபின் நல்ல நாய். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு விசில், ஒரு சீஸ் துண்டு. முதலில் கைக்கெட்டும் தூரத்தில். பிறகு மரத்தடியிலிருந்து, பிறகு புல்வெளியின் அந்தக் கோடியிலிருந்து. இன்னொரு நாயோடு விளையாடிக்கொண்டிருந்தாலும் விசில் கேட்டால் விட்டுவிட்டு ஓடிவரும். கோரிக்கு ஒரே ஆச்சரியம்.

"என்ன டீச்சர் மாயம் பண்ணீங்க? நான் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான், கழுதை."

"பொறுமைதான் தம்பி, வேற ஒண்ணுமில்ல."

"நீங்களே இவனைத் திருத்திடுங்க, டீச்சர். புண்ணியமாப் போகும்."

எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். நல்ல பிள்ளை என்றுகூட நினைத்திருப்பேன், அவன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால். ஒருநாள் நானே பேச்சை எடுத்துப் பார்த்தேன். "போன வருஷம் இங்க யாரோ விழுந்துட்டாங்களாமே?" என்றேன். "அதுவா? பெரியவர் ஒருத்தர், தானே விழுந்தார். நம்ம தலையில கட்டப் பார்த்தாங்க," என்றான். அவனுக்கு அந்தப் பொய் பழகிப்போய் உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஏப்ரலில் வேலி பற்றி இரண்டாவது கூட்டம். "வேலி போட்டா அது பூங்கா இல்லீங்க, ஜெயில்," என்றான் கோரி. வேலி வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். மியூரியல் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அலஸ்டர் சாவுக்குக் காரணமானவனுக்கா கை தூக்குற?"

"எனக்கு வேலி வேண்டாம், மியூரியல்," என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் நினைப்பது தெரிகிறது. நாயைச் சாலைக்கு இழுத்துக் கொல்லப் பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள். அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்தது? நான் கவனித்துக்கொண்டிருந்தது கோரியை. மஃபின் ஓடினால் அவனும் பின்னாலேயே ஓடுவான். தலையைக் குனிந்துகொண்டு, பெயரைக் கத்திக்கொண்டு, நாயைத் தவிர வேறெதையும் பார்க்காமல். மே மாதம் ஒருநாள் சைக்கிள் பாதைக்கு அந்தப் பக்கம் நின்று விசில் ஊதிப் பார்த்தேன். நாய் சுலபமாகத் தாண்டிவிட்டது. அவன் மேல் மோத இருந்த ஒரு சைக்கிள் மயிரிழையில் விலகிப் போனது. சைக்கிள்காரன் அவனைக் கண்டபடி திட்டினான். கோரி சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து, "பார்த்தீங்களா டீச்சர், இவனால என் உயிரே போயிடும்," என்றான். நானும் சிரித்தேன்.

பள்ளியில் நான் தொடர் ஓட்டத்துக்குப் பயிற்சி கொடுத்தவள். முன்னால் ஓடுகிறவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கும் உள்ள இடைவெளி என் கண்ணுக்கு அத்துப்படி. சரிவில் இறங்கும் லாரி எந்த மரத்தடிக்கு வரும்போது விசில் ஊத வேண்டும் என்று எனக்கே பிடிபட்டுவிட்டது. அவசரப்படவில்லை. ஆனால் ஜூன் தொடக்கத்தில் கோரி, மனைவிக்குப் பிரசவ நேரம் நெருங்குகிறது, குழந்தை வந்தால் இனிக் காலையில் பூங்காவுக்கு வர முடியாது என்றான். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

மறுநாள் காலை சாலைக்கு எதிர்ப்பக்கம், பேக்கரி வாசலில் நின்றேன். மேலேயிருந்து மரச்சாமான் லாரி ஒன்று இறங்கியது. ஊதினேன். மஃபின் அம்பு மாதிரி வந்தது. வந்ததும் சீஸ் கொடுத்தேன். கூப்பிட்டு வந்த நாய்க்குக் கொடுக்காமல் விடக் கூடாது, பழக்கம் கெட்டுவிடும்.

அது சந்தோஷத்தில் என் மேல் தாவியதில் நான் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். சாலையில் பிரேக் அலறும் சத்தம், பிறகு ஒரு சத்தம். டிரைவர் இறங்கித் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான், பாவம். நான் எழுந்து கோரியிடம் போனேன். அவனுக்கு நினைவு இருந்தது. நான் விழுந்ததை அவன் பார்த்திருக்கிறான். உதட்டிலெல்லாம் ரத்தம், வார்த்தை விட்டு விட்டு வந்தது.

"டீச்சர்... மன்னிச்சிடுங்க. உங்களைத் தள்ளிட்டானா? அடி... பட்டுச்சா?"

"இல்லப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல," என்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பேக்கரிப் பெண் அதைப் பார்த்திருக்கிறாள், கேட்டுப் பாருங்கள்.

அலஸ்டர் காத்திருந்த வார்த்தை அதுதான். தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது. நானும் பிகு பண்ணவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்பதற்குள் அவனை மனதார மன்னித்துவிட்டேன். அவன் உயிர் போனது சாயங்காலம்தான், இன்ஸ்பெக்டர். மன்னித்த பிறகு செத்தவனை நான் பழிவாங்கினேன் என்று நீங்கள் எழுத முடியாது.