காரையா, பல்லா

பத்தாவது வரை படித்த எனக்கு எழுத என்ன தகுதி என்று கூச்சமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ராயபுரத்தில் மின்சார ரயில் ஏறிய இரண்டு பேர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். படகின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. ஒருவர் துண்டால் வாயைப் பொத்தியபடி உள்ளங்கையை நண்பரிடம் நீட்டினார்.

“மாமு, இது காரையா, பல்லா? பாத்து சொல்லு.”

“எங்கேந்து வந்துச்சு?”

“கீழ் பல்லு பின்னால காரை கல்லாட்டம் புடிச்சிகினு கீது. எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் தெனம் தேச்சேன், அசையல. காத்தால படகு சுரண்டுற உளிய வெச்சு ஒரு தட்டு தட்டினேன்.”

“உன் வாயி இன்னா விசைப்படகா?”

“சிரிக்காத மாமு. டாக்டரு சுத்தம் பண்ணா பல்லு ஆடிடும்னு பயந்துதான் நானே பண்ணேன். இப்ப நாக்கு வெச்சா பள்ளமா கீது. காத்து பட்டா மண்ட வரைக்கும் இழுக்குது.”

நண்பர் அந்தத் துணுக்கை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “ஒரு பக்கம் மஞ்சளா கீது. ஒரு பக்கம் வெள்ளையா கீது,” என்றார்.

திருவொற்றியூரில் இருவரும் இறங்கினார்கள்.

மறுநாள் அதே ரயிலில் துண்டுக்காரர் பஞ்சைக் கடித்தபடி வந்தார். உடைந்தது பல்தான் என்றும், வேரையும் எடுத்துவிட்டார்கள் என்றும் நண்பர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.