தொண்ணூற்றொன்பதாம் சேனல்

எங்கள் வீட்டு டிவியில் படம் சுத்தமாகத் தெரியும், ஐயா. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்தால் எனக்கு அதுதான் ஓய்வு. என் பெயர் பகலவன். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றேன். நீங்கள் விசாரித்ததற்கு மெதுவாகத்தான் எழுதித் தருவேன்.

எண்ணூர் பக்கம் எங்கள் மீனவர் குடியிருப்பில் நாற்பத்தொரு வீடு. படகு எஞ்சின் ஒன்று திருடுபோனதும் ஊர்க்கூட்டம் நடைபாதையெல்லாம் கேமரா வைத்தது. அந்தப் படம் எல்லார் வீட்டு டிவியிலும் தொண்ணூற்றொன்பதாம் சேனலில் வரும். திருடன் வரவில்லை. ஆனால் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்ப்பது எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

எதிர்வீட்டு ராமசெல்வி தன் வாசல் கேமராவைப் பழைய பாவாடையால் மூடினாள். கூட்டத்தில் கேட்டதற்கு, "நீங்க சோறு துன்னும்போது தொட்டுக்க என் வாசல்தான் கெடச்சுதா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். நானும்தான். பிறகு வீட்டுக்கு ஒரு கை என்று எண்ணினோம். நாற்பது கை. அவள் வீட்டாரோடு யாரும் பேசக்கூடாது, பேசுகிறவருக்கும் அதே கட்டுப்பாடு. எழுதத் தெரிந்தவன் என்று தீர்மானத்தை என்னை எழுதச் சொன்னார்கள். பிழையில்லாமல் எழுதினேன். பாவாடையையும் எடுத்துவிட்டோம்.

இருபதாம் நாள் மதியம் அவள் புருஷன் டில்லிபாபுவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் கண்டெய்னர் லாரி வரிசையில் தொலைவிலேயே மாட்டிக்கொண்டது. அது நிற்கும் இடம்வரை ஆளைத் தூக்கிப் போகவேண்டும். அந்த எடையை நான் தினமும் தூக்குகிறவன்.

தட்டுவது முதலில் என் கதவில் கேட்டது. ஒரு நொடி கழித்து டிவியில் அவள் கை என் கதவைத் தட்டியது.

"அண்ணே, அதுக்கு மூச்சு இழுக்குது. நீ பேச வாணாம்ணே. கம்முனு வந்து தூக்கு, போதும்."

தீர்மானத்தில் பேசக்கூடாது என்றுதான் இருந்தது. எழுதியவன் எனக்குத் தெரியாதா. ஆனால் கதவைத் திறந்தால் அத்தனை வீடும் பார்க்கும். அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் போனதை நானும் பார்த்தேன். எதுவும் திறக்கவில்லை. திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அவன் முடிந்துபோனது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போதும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் டிவியைத்தான் பார்க்கிறேன். அதில் யாரும் இருப்பதில்லை.

அன்று கரண்ட் போயிருந்தால் நிச்சயம் திறந்திருப்பேன், ஐயா. எல்லா டிவிக்கும் படம் அனுப்பும் கேமராப் பெட்டி யார் வீட்டில் இருந்தது என்று கேட்டீர்கள். என் வீட்டில்தான், டிவிக்குக் கீழே. சுவிட்சு கை எட்டும் தூரம். ஆனால் அது ஊர்ச் சொத்து. என் இஷ்டத்துக்கு அணைக்க நான் யார்?