விழுகிற சத்தம்

குப்புறக் கிடக்கிறேன். எனக்குக் கீழே மகள். கன்னத்தில் சீமெந்து சுடுகிறது.

டும்.

கப்பலில் இருந்து குண்டு வெளிக்கிடுகிற சத்தம். விழுகிற சத்தம் இன்னும் வரவில்லை.

"ஆரணி, வாயைத் திற! ஆவெண்டு திற!"

மூன்று வயது. திறக்கிறாள். அழவில்லை. அழாதது இன்னும் பயமாக இருக்கிறது.

டும்.

2003. ஆனி மாதம். சனி முற்பகல். ஜெர்மனியின் வடக்கே, கீல் துறைமுகம். சுற்றிவர ஐஸ்கிரீமோடு சனம். கைகளில் கொடிகள். ஒருவரும் படுக்கவில்லை. ஏன் படுக்கவில்லை?

கப்பல் பார்க்க வந்தோம். என் கணவர் இங்கே கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். கப்பல் என்றால் அவருக்கு விசர், அவ்வளவு பிடிக்கும். வரும்போது பஸ்ஸில் துண்டுப்பிரசுரத்தை வாசித்துக்கொண்டு வந்தார். பிரெஞ்சு நாசகாரிப் போர்க்கப்பல். எழுபதுகளில் கட்டியது. மத்தியதரைக் கடலில் காவல். வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களுக்குத் துணை. ஒருமுறை, குண்டு விழுந்த நகரம் ஒன்றிலிருந்து சனத்தை ஏற்றி வந்தது. இது கடைசிப் பயணம். திரும்பிப் போனதும் கொடியை இறக்கிவிடுவார்கள்.

"எங்கை எங்கை சுட்டதெண்டு போட்டிருக்கே?" என்று கேட்டேன்.

"இல்லை. எவ்வளவு தூரம் ஓடினதெண்டு கிடக்கு."

"விழுந்த இடம்?"

"உமக்கெண்டு வருது கேள்வி!" சிரித்தார். "கப்பல்காரர் எழுதிற கதையிலை அதெல்லாம் வராது."

டும்.

எங்கள் ஊர் கடற்கரை. அங்கே சண்டைக் காலத்தில் வந்த கடற்படைக் கப்பலும் சாம்பல் நிறம்தான். தூரத்தில் நிற்கும். முதலில் வெளிக்கிடுகிற சத்தம். பிறகு காற்றில் குண்டின் கூவல். பிறகு விழுகிற சத்தம். விழும்வரை எழும்பக் கூடாது. வாயைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காது வெடிக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. காலை. சின்னம்மா கிணற்றடியில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். டும். "படு! படு!" அப்பா என்மேல் விழுந்தார். அவருடைய பாரத்தில் என் பல்லெல்லாம் மண். கூவல் வந்தது. விழுந்தது. மண் மழையாகக் கொட்டியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வாளி ஒன்று உருண்டது. நான் எழும்பப் பார்த்தேன். அப்பா எழும்பவில்லை.

டும்.

"எழும்பும்! ஒண்டும் விழாது!" கணவர் பக்கத்தில் நின்று கத்துகிறார். "வெறும் வெடி! மரியாதைக்குச் சுடுறாங்கள்!"

"இன்னும் விழேல்லை! நீங்களும் படுங்கோ!"

"சனம் பாக்குது, இஞ்சருமப்பா!"

"படுங்கோ!"

டும்.

படுத்தார். ஒரே ஒரு நல்ல காற்சட்டை அவருக்கு. அதோடுதான். முகம் என் முகத்துக்கு நேரே. அவரும் எங்கள் கடற்கரைக்காரர்தான். வாயைத் திறந்துதான் வைத்திருந்தார்.

"சரி, படுத்திட்டன். பிள்ளையின்ரை கையை விடும். நோகும்."

"அம்மா, மூச்சு முட்டுது."

விடத்தான் நினைத்தேன். கை விடவில்லை. நான் இல்லாவிட்டால் யார் மறைப்பது?

கப்பலின் வெடி நின்றுவிட்டது. அமைதி. பிறகு கரைப்பக்கம், வெகு தூரத்தில், ஒரு சத்தம்.

விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் இல்லை.

"விழுந்திட்டுது! அடுத்தது வரமுதல் ஓடுங்கோ!"

அவர் எழும்பினார். மகளைத் தூக்கினார். ஓடினோம். கயிறுகளைத் தாண்டி, நாற்காலிகளைத் தட்டிக்கொண்டு, ரிக்கெற் விற்கிற அறையின் சுவர் வரைக்கும். பின்னால் இன்னும் கேட்டது. ஒன்றின் பின் ஒன்றாக.

சுவரோடு குந்தியிருந்தபோது சொன்னார். கப்பலின் வேட்டுக்குக் கரையிலிருந்து பதில் வேட்டு. அது வழக்கம்.

"தெரிஞ்சுகொண்டே ஓடினனீங்கள்?"

"நீர் ஓடச் சொன்னீர்."

இந்தக் கப்பல் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. அதையும் எழுத வேண்டும். பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கக் கூடாதோ? கூட்டிப் போகாமல் எத்தனை காலம் வீட்டுக்குள் வைத்திருப்பது? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மகள் இப்போது பொம்மையைக் கிடத்தி, அதன்மேல் படுத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடுகிறாள்.

விழுந்த இடத்தின் கணக்கை நான் எழுதுகிறேன்.

ஊரில்: அப்பா. சின்னம்மா. அவருடைய கைக்குழந்தை துவாரகன். கிணற்றுக்கட்டு. வீட்டின் பின்பாதி.

கீலில்: மகளின் சிவப்புச் செருப்பு ஒன்று, வலது கால். ஓடினபோது தண்ணீருக்குள் போய்விட்டது. அவளுடைய முழங்கையில் சிராய்ப்பு.

கீலில் இறந்தவர் இல்லை. ஊரில் அப்பா எழும்பவில்லை; இங்கே நாங்கள் மூன்று பேரும் எழும்பினோம்.