துப்பாக்கிக்குள் ஆட்டுக்கொழுப்பு

— உண்மையைச் சொல்லு, சல்கின். புருஷன் எசெனைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல. அவன் துப்பாக்கிக்குள்ள ஆட்டுவால் கொழுப்பைத் தடவினது யாரு?

— கொழுப்பா? நான் இதைத் தொட்டதே இல்ல, சாபர் அண்ணே.

— மோந்து பாரு. அடுப்படி வாசனை. சுட்டு முடிச்சதும் வெத்துத் தோட்டாவை வெளிய தட்டிவிடுற நாக்கு இது. பின்னால ஒரு ஸ்பிரிங். பனி விழுந்துட்டா இதுல ஒரு சொட்டு எண்ணெய்கூட விடமாட்டோம். மண்ணெண்ணெயில கழுவித் துடைச்சு வச்சிடுவோம். கொழுப்பு இருந்தா மலைக் குளிர்ல மெழுகாட்டம் இறுகிடும், நாக்கு அசையாது.

— அசையலைன்னா?

— ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குற. பாரு, எசென் சுட்ட வெத்துத் தோட்டா இன்னும் உள்ளயே நிக்குது. அடுத்தது ஏறல. கரடி அவனை விடுமா?

— அதனால நான்தான் தடவினேங்கிறீங்க.

— பனிக்கு முன்னாடி என் கையாலதான் கழுவிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் உங்க வீட்டுச் சுவத்துலதானே தொங்குச்சு?

— அதே சுவத்துக்குக் கீழதான் அவரு தம்பி தோலோனும் படுத்திருந்தான். வேட்டைக்குக் கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி.

— அவன்மேல போடாத. அவன் அன்னிக்கு எதிர் மேட்டுல நின்னவன். பொணத்தை இறக்கினப்ப துப்பாக்கியை உறையில போட்டுக் கட்டினது நான். உள்ள பாக்குற நிலைமையில யாரும் இல்ல.

— அந்த முடிச்சை அவுத்தது யாரு?

— இப்ப நான்தான் அவுத்தேன். என் முடிச்சுதான், அப்படியே இருந்துச்சு.

— அப்புறம் எப்படி அண்ணே தோலோன் என்கிட்ட, 'நாக்கு இறுகிக் கிடக்கு, சாபர்கிட்ட கொடுத்துக் கழுவிட்டு வா'ன்னு சொன்னான்?

— அவனா சொன்னான்?

— அவன்தான். நாளைக்கு இதை எடுத்துக்கிட்டு அந்தக் கரடியைத் தேடிப் போறான். துக்கத்தோட நாப்பதாம் நாள் முடிஞ்சதும் துப்பாக்கியும் நானும் அவன் வீட்டுக்குன்னு பெரியவங்க பேசி வச்சிருக்காங்க.

— பாவி. நான் உன்னைப் போயி... சரி, அந்த மண்ணெண்ணெய் டப்பாவை எடு.

— வேண்டாம். அப்படியே மூடிடுங்க.

— கழுவியாச்சான்னு அவன் கேட்டா?

— சாபர் அண்ணன் கழுவிக் கொடுத்தாருன்னு சொல்றேன். எசெனும் அதை நம்பித்தான் மலை ஏறினாரு.