ஏழாம் கட்டிலில் ஜெர்மன் பேசிய அக்காவுக்கு

அன்பில் அகலாத அக்காவே! ஓய்வறியா உழைப்பின் உருவே! தரை துடைத்த கையாலேயே எங்கள் தலை தடவிய தண்ணளியே! இரண்டாம் மாடியின் இதயத்துடிப்பே! ஏழாம் கட்டிலின் ஏகபோக நோயாளியே! வணக்கம்.

பெண்கள் பொது வார்டில் இருபத்தொன்பது ஆண்டுகள் உதவியாளராக உழைத்து, இன்று மாலையோடு அடையாள அட்டையைக் கழற்றிவைக்கும் உங்களுக்கு, உங்களோடு நின்றும் நடந்தும் ஓடியும் பணிசெய்த செவிலியர்கள் நாங்கள் இந்த மடலைப் படைக்கிறோம். பாராட்டு மடல் என்றால் செந்தமிழில் இருக்க வேண்டும், அடைமொழிகள் குறையக் கூடாது, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பது மேட்ரன் அம்மாவின் உத்தரவு. முதல் இரண்டையும் முடிந்தவரை காப்பாற்றுகிறோம். மூன்றாவதற்காகப் பெரிய சட்டமாகவே வாங்கிவிட்டோம்.

உங்கள் பணிச்சிறப்பை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? கசங்கிய விரிப்பைக் கண்டால் உங்கள் கை சும்மா இராது. கலங்கிய முகத்தைக் கண்டால் உங்கள் வாய் சும்மா இராது. எந்தச் சக்கர நாற்காலிக்கு இடப்பக்க பிரேக் பிடிக்காது, எந்தக் குழாயை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும், எந்த டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஜன்னல் திறந்திருக்கக் கூடாது என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உங்கள் தலைக்குள்தான் இருந்தது. பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட எத்தனையோ பெண்களை, "நானும் ரெண்டு பெத்தவதான். வெக்கத்தை வீட்டுல விட்டுட்டு வாங்க" என்ற ஒற்றைப் பேச்சில் சிரிக்கவைத்தவர் நீங்கள்.

ஆனால் அக்கா, கடைசி எட்டு ஆண்டுகளாக நீங்கள் செய்துவந்த ஒரு வேலை உங்கள் நியமன உத்தரவிலேயே கிடையாது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் ஆசையில் எங்களில் சிலர் கடைத்தெரு மாடியறை ஒன்றில் நடந்த மொழி வகுப்பில் சேர்ந்தோம். மாலையில் படித்ததை மறுநாள் காலைக்குள் மறந்தோம். பேச்சுத் தேர்வில் செவிலியராக நின்று நோயாளியிடம் கேள்வி கேட்க வேண்டும். பழகிப்பார்க்க ஒரு நோயாளி தேவை. எல்லோரும் செவிலியர் வேடத்துக்கே அடித்துக்கொண்டோமே தவிர, படுக்க ஆளில்லை. மதியம் இரண்டு மணிக்கு, டியூட்டி மாறும் அமளியில், நீங்கள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தீர்கள். "நான் படுத்துக்கிறேன். என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றீர்கள். தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடி உடைந்து, யாருக்கும் கொடுக்க முடியாமல் ஜன்னலோரம் கிடந்த ஏழாம் கட்டில் அன்று முதல் உங்களுடையதாயிற்று.

நாங்கள் "வோ டூட் எஸ் வே?" என்போம். எங்கே வலிக்கிறது என்று பொருள். நீங்கள் "ஹியர்" என்று தொட்டுக்காட்டுவீர்கள். இங்கே என்று பொருள். கோப்ஃப் என்றால் தலை, ஹால்ஸ் என்றால் தொண்டை, பவுஹ் என்றால் வயிறு, ரூக்கன் என்றால் முதுகு என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை உங்கள் உடம்பையே எங்களுக்கு அகராதியாக விரித்துவைத்தீர்கள். நாங்கள் நோட்டில் எழுதி மறந்த சொற்களை நீங்கள் எழுதாமலே நினைவில் வைத்திருந்தீர்கள்.

எங்கள் நாக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சொல் மெய்யெழுத்தில் முடிந்தாலும் கூடவே ஓர் 'உ' சேர்த்துத்தான் வழியனுப்பும். கட்டிலைக் குறிக்கும் 'பெட்' 'பெட்டு' ஆகும், நல்லது என்னும் 'குட்' 'குட்டு' ஆகும். வகுப்பு ஆசிரியரே கைவிட்ட அந்த நோய்க்கு நீங்கள் மருத்துவம் பார்த்தீர்கள். இரண்டு விரலைக் கத்தரியாக்கிக் காற்றில் வெட்டி, "வாலை நறுக்கு" என்பீர்கள். வாலோடு கேள்வி கேட்டால் நோயாளி மயக்கத்தில் கிடப்பார். நறுக்கிக் கேட்டால்தான் கண்ணைத் திறப்பார். தொண்டையை உரசி வரும் ஓசைக்கு நாங்கள் இருமி இருமிக் களைத்தபோது, "பகல்னு சொல்லு. நடுவுல ஒரு சத்தம் வருதுல்ல, அதைக் கொஞ்சம் உள்ள தள்ளு. முள்ளு மாட்டின மாதிரி இருமாத, கண்ணாடி துடைக்க ஊதுற மாதிரி ஊது" என்று வழிகாட்டினீர்கள். தமிழில் எழுத்தே இல்லாத அந்தக் குவிந்த உதட்டு ஓசைக்கும் உங்களிடம் மருந்து இருந்தது. "வாய் விசிலடிக்கட்டும், நாக்கு ஈன்னு சொல்லட்டும். ரெண்டும் சண்டை போடாம பாத்துக்க" என்றீர்கள். அந்த வாரம் முழுக்க நாங்கள் உதட்டைக் குவித்துக்கொண்டே திரிந்ததைப் பார்த்து ஒன்பதாம் கட்டில் பாட்டி, "எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஒரே நேரத்துல பல்வலியா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா?

அந்த மொழியில் பொருள்களுக்கும் ஆண் பெண் உண்டு என்றறிந்து நாங்கள் வார்டு முழுக்க வண்ணச் சீட்டு ஒட்டினோம். நாற்காலிக்கு நீலம், அது ஆண். போர்வைக்குச் சிவப்பு, அது பெண். கட்டிலுக்குப் பச்சை, அது இரண்டும் இல்லை. இதை எப்படி மனப்பாடம் செய்வது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, நீங்கள் போர்வையை மடித்தபடியே சொன்னீர்கள்: "சரியாத்தான் வெச்சிருக்காங்க. ஒருத்தர் சும்மா உக்காந்திருக்கார். இன்னொருத்தி ராப்பகலா நோயாளியோட கிடக்குறா." நாங்கள் எவரும் அதன்பின் அந்த இரண்டையும் மாற்றிச் சொன்னதில்லை. இன்று முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரர், எங்கள் தையல்கார அண்ணன், இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கீழ்த்தளத்திலிருந்து வார்டு வரை நாற்பத்திரண்டு படி. லிஃப்ட் கெட்டுப்போன நாள்களில் அவற்றை ஜெர்மனில் எண்ணிக்கொண்டே ஏறுவீர்கள். அவர்கள் நாற்பத்திரண்டை இரண்டும் நாற்பதும் என்று தலைகீழாகச் சொல்வது உங்களுக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. "செருப்பை மாட்டிட்டு அப்புறம் சாக்ஸ் போடுற கதையா இருக்கு" என்று அலுத்துக்கொண்டீர்கள். அலுத்துக்கொண்டே கற்றீர்கள். உங்களைக் கேள்வி கேட்டுப் பழகியவர்களில் பதினான்கு பேர் தேறிப் பறந்தார்கள். முதலில் போனவள் ஒரு செய்தி அனுப்பினாள். அங்கே அவளுடைய முதல் நோயாளி "ஹியர்" என்று காட்டியபோது, ஒரு நொடி உங்களைத் தேடினாளாம்.

எட்டு ஆண்டுகளில் நீங்கள் நோயாளியின் பாதியை மட்டுமே கற்றீர்கள். செவிலியரின் பாதியையும் சொல்லித்தருகிறோம், ஒருநாள் வேடம் மாற்றிக்கொள்வோம் என்று அழைத்தோம். நீங்கள் மறுத்துவிட்டீர்கள். "எனக்கு அந்தப் பக்கம் வேணாம்மா. நாள் பூரா அந்தப் பக்கந்தான நிக்கிறேன். இந்த அரை மணி நேரமாவது யாராவது என்னைக் கேக்கட்டும்" என்று சிரித்தீர்கள். நாங்களும் கூடச் சிரித்தோம். அதைக் கேலியாகவே எடுத்துக்கொண்டோம்.

இனி வருவதைச் செந்தமிழில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணமும் இதுதான் என்பதால், இந்தப் பகுதியில் மட்டும் 'நாங்கள்' விலகி 'நான்' வருவதை மேட்ரன் அம்மா மன்னிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மதியம். பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தவறியவள் நான். மூன்றாவது முறைக்கு நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் பாடத்தை வரி பிசகாமல் சொல்லிவிட்டால் போதும் என்ற வெறியில் இருந்தேன். நீங்கள் வழக்கம்போல் ஏழாம் கட்டிலில் படுத்தீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். புத்தகத்து நோயாளிக்குத் தலைவலி. நீங்களோ வலக்கையை இடது தோளில் வைத்து "ஹியர்" என்றீர்கள். பாடத்தை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து, "கோப்ஃப், அக்கா, கோப்ஃப்" என்று எடுத்துக்கொடுத்தேன். நீங்கள் தலையசைத்து மறுபடியும் தோளையே தொட்டீர்கள். எப்போதிருந்து என்று கேட்டேன். நேற்றிலிருந்து என்பது புத்தகத்தின் பதில். நீங்கள் "ஸைட் ஹொய்ட மோர்கன்" என்றீர்கள். இன்று காலையிலிருந்து. புத்தகத்தில் இல்லாத பதில். ஆனாலும் அந்தத் தொடரில் ஒரு குறை இல்லை, ஒரு வால் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "பதில் தப்பு, உச்சரிப்புக்குப் பத்துக்குப் பத்து" என்று சொல்லி நோட்டில் எழுதினேன்.

அடுத்ததாக "மிர் இஸ்ட் கால்ட்" என்றீர்கள். எனக்குக் குளிர்கிறது. ஐந்தாம் பாடத்தில் யாருக்கும் குளிராது. வெயில் ஜன்னல் வழியே கட்டிலில் பாதிவரை விழுந்திருந்தது. அப்போதுதான் புத்தகத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்த்தேன். நெற்றி முழுக்க வியர்வை. கையைத் தொட்டால் ஈரத்துணி மாதிரி சில்லிட்டிருந்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். உயராத அந்தக் கட்டிலின் தலைப்பக்கத்தை மூன்று பேர் தோள்கொடுத்துத் தூக்கினோம். ஈசிஜி எடுத்தோம், இதயப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். அடைப்பை நீக்கிய டாக்டர் வெளியே வந்து, "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா..." என்றார்.

வெளியே பெஞ்சில் இருந்த அண்ணன் கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தார். "முப்பத்திநாலு வருஷமா கூட இருக்கேன்மா. ஒரு தலைவலின்னுகூட எங்கிட்ட சொன்னதில்ல. உங்ககிட்டயாவது சொல்லியிருக்காளே" என்று என்னிடம் சொன்னார். எங்களிடமும் சொல்லவில்லை அண்ணா என்று அன்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்று எல்லோர் முன்னும் சொல்கிறேன்.

நீங்கள் கண்விழித்த மறுநாள் உங்களைத் திட்டினேன். ஏன் தமிழில் சொல்லவில்லை என்று கேட்டேன். "தமிழ்ல சொன்னா நீ பயந்துருவ. பாடத்துல சொன்னா பாடத்தோட பாடமா போயிரும்னு நெனச்சேன்" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "தமிழ்ல எனக்கு அது வாய்ல வராதும்மா. சொல்லிப் பழக்கமே இல்ல" என்றும் சொன்னீர்கள். அதே மூச்சில் என்னைத் தேர்வுக்கு விரட்டினீர்கள். போனேன். நோயாளியாக நடித்த தேர்வாளர் புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒன்றைச் சொன்னார். நான் புத்தகத்தைத் தேடவில்லை. அவர் முகத்தைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்டேன். தேறிவிட்டேன். அடுத்த மாதம் புறப்படுகிறேன். என் நோட்டில் அந்தப் பத்துக்குப் பத்து இன்னும் இருக்கிறது; அது உங்களுக்கு நான் போட்ட மதிப்பெண் அல்ல, எனக்கு நானே வைத்துக்கொண்ட எச்சரிக்கை.

பெருமைக்குரிய அக்கா, மீண்டும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பேசுகிறோம். பிறர் வலியைப் பேசும் முன்பே அறிந்த நீங்கள், உங்கள் வலியைச் சொல்ல ஒரு வேற்றுமொழி வரை போக வேண்டியிருந்தது என்பதை எங்கள் வார்டின் வெட்கமாகவே எழுதிவைக்கிறோம். இனி நாற்பத்திரண்டு படி ஏற வேண்டாம். ஏறினாலும் மூச்சு வாங்காமல் ஏறுங்கள். மாத்திரை மறவாமல், நடை தவறாமல், தூக்கம் கெடாமல், கேலி குறையாமல், அண்ணனின் தையல் எந்திரச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நெடுங்காலம் நிறைவாக இருங்கள். ஏழாம் கட்டிலுக்குப் புதுக் கைப்பிடி வந்துவிட்டது. இனி அதில் உண்மையான நோயாளிகள் படுப்பார்கள். நீங்கள் அதில் படுக்கவே வேண்டாம்.

இதை வாசித்து முடித்ததும் நாங்கள் அனைவரும் ஒரே குரலில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறோம். முதல் பாடத்தின் முதல் கேள்வி. உங்களிடம் ஆயிரம் முறை கேட்டும் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி. வீ கேட் எஸ் ஈனன்? எப்படி இருக்கிறீர்கள், அக்கா? நலம், நன்றி என்பது புத்தகத்தின் பதில், அது வேண்டாம். "ஒண்ணுமில்லம்மா" என்ற உங்கள் பழைய பதிலும் வேண்டாம். எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் உள்ளதைச் சொல்லுங்கள். வாலோடு சொன்னாலும் சரி. நாங்கள் திருத்த மாட்டோம்.

இங்ஙனம்,
கேட்கக் காத்திருக்கும்
இரண்டாம் மாடிச் செவிலியர்கள்,
கடல் கடந்து போன பதினால்வரும் சேர்த்து